நாலு வேலி தாண்டினால் போதும்... நம்ம தெருவிலேயே கண்டுணர் சுற்றுலா!

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஊர் அதற்கு முன்பே விழித்துப் பாதி வேலையை முடித்திருந்தது. பூக் கமிஷன் கடைகளில் சென்டிப்பூ மூட்டைகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக அடுக்கியிருந்தன. முல்லை மட்டும் சின்னச் சின்னப் பைகளில் வந்துகொண்டிருந்தது. பனிக்காலத்தில் அரும்பு குறையும், விலை ஏறும். "விலை இருக்கறப்ப பூ இல்லை, பூ இருக்கறப்ப விலை இல்லை" என்று ஒரு பெரியவர் பையை எடை போடக் கொடுத்தபடி சொன்னார். வருஷா வருஷம் கேட்கிற பேச்சுதான்.

அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன். செம்மண் மேடு. ஆற்றுப் பாசனம் கிடையாது. மழையும் போர்த் தண்ணீரும்தான். போர் என்றால் பல நூறு அடி ஆழம். அந்தத் தண்ணீரை நம்பித்தான் தென்னை, பலா, வாழை, பூ எல்லாம். வீட்டைச் சுற்றி இருக்கும் இடத்தை இங்கே கொல்லை என்பார்கள். கால் ஏக்கரும் கொல்லைதான், இரண்டு சென்ட்டும் கொல்லைதான்.

நான் போகிற ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த வட்டாரத்தில் வேளாண்மை அலுவலராக இருந்தேன். இப்போது வேறு வட்டாரம். இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அங்கே போய்விடுவேன். என்னை இழுப்பது அந்த ஊர்ப் பெண்கள் நடத்தும் 'கொல்லை நடை'. ஒரு காலை நேரத்தில் ஆறு வீடுகளுக்கு நடந்தே போய், கொல்லையைப் பார்த்து, பேசிவிட்டு வருகிற நடை.

புயல் தந்த வெயில்

கோயில் வேப்பமரத்தடியில் பதினெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். பதினான்கு பேர் பெண்கள். முதல் வீடு, நடையைத் தொடங்கிவைத்த அப்பத்தாவின் வீடு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க ஆபீசரய்யா. இளைச்சுட்டீங்களே."

"பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன் அப்பத்தா."

பின்பக்கம் போனோம். ஆறு வயதுத் தென்னைகள் எட்டு. இரண்டில் பாளை வந்திருந்தது. நடுவில் பழைய பலா மரத்தின் அடித்தண்டு, உட்கார்ந்து பேசும் திண்ணை மாதிரிக் கிடக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் சாய்த்த மரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்த புயல், இவ்வளவு உள்ளே வந்தும் மரங்களைச் சரித்துப் போட்டுவிட்டுப் போனது. அப்போது சேதக் கணக்கெடுக்க இந்தத் தெருவில் வீடு வீடாக நான் நடந்திருக்கிறேன். பிள்ளையைப் போல வளர்த்த மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்களைப் பார்த்தேன். படிவத்தில் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக வந்தபோது, இந்தக் கொல்லையில் பாத்தி கட்டித் தண்டுக்கீரையும் முள்ளங்கியும் நின்றன. "மரம் இருந்தவரைக்கும் இங்க வெயிலே விழாது. இப்பத்தான் தரைக்கு வெளிச்சம் வந்துச்சு. சும்மா ஏன் போடணும்?" என்றார் அப்பத்தா. தென்னங்கன்றுகளை நட்டு, அவை வளரும் வரை இடையில் காய்கறி. பாடப் புத்தகத்தில் ஊடுபயிர் என்று நான் படித்ததை அவர் செய்து காட்டியிருந்தார். விழுந்த தேங்காய்களின் உரிமட்டையையும் வீணாக்கவில்லை. கன்றைச் சுற்றிக் குழி எடுத்து, மட்டையின் குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கிப் புதைத்திருந்தார். தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே மூடாக்காகப் பரப்பினால் மட்டும் குவிந்த முதுகு மேலே இருக்க வேண்டும்.

நாலு வீடு தள்ளி இன்னொருவர், அதே வெயில் விழுகிற இடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு வைத்துக்கொண்டு, காய்கறிக்கு வாரம் முந்நூறு ரூபாய் செலவு செய்துகொண்டிருந்தார். அப்பத்தா கொல்லையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அவங்க கொல்லைக்குள்ள நான் எதுக்கு சார் போறேன்?" என்றார்.

"மாட்டை யார் சார் பார்ப்பாங்க?"

எங்கள் துறையில் அட்மா திட்டத்தின் கீழ் விவசாயிகளைக் கண்டுணர் சுற்றுலா அழைத்துப் போவோம். ஆராய்ச்சி நிலையம், முன்னோடி விவசாயி பண்ணை என்று பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டுவது. நல்ல திட்டம். நானே பல பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். 2019-ல் ஒரு பயணத்துக்கு இந்த ஊரில் பெயர் கேட்டு வந்தேன். ஆண்கள் பெயர் கொடுத்தார்கள். பெண்கள் யாரும் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது ஓர் அம்மா சொன்னார்: "மூணு நாளைக்கு நான் பஸ் ஏறிட்டா மாட்டை யார் சார் பார்ப்பாங்க? பூவை யார் பறிப்பாங்க? நடந்து போய்ப் பார்த்துட்டுப் பத்து மணிக்குத் திரும்பற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வம்பனில் இருக்கும் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இங்கிருந்து ஒரு பஸ் தூரம். அதற்குக்கூட வர முடியாத பெண்கள்தான் கொல்லையில் பாதி வேலையைச் செய்கிறவர்கள். ஊருக்குள்ளேயே பார்க்க வேண்டியது அவ்வளவு இருக்க, நான் வெளியூருக்கு வண்டி பேசிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் வந்து அப்பத்தாவிடம் கேட்டேன். ஐந்து வீடு, ஒரு காலை, நடந்தே போவது. "வந்து குத்தம் சொல்லாம இருந்தா வரச் சொல்லுங்க" என்றார். 2020 தை மாதம் முதல் நடை. பதினோரு பேர் வந்தார்கள்.

பெருக்கிய கொல்லையில் பாடம் இல்லை

இந்தத் தடவை இரண்டாவது வீடு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. பந்தல் நிறைய அவரை. ஆடியில் ஊன்றிய கொடி, மார்கழிப் பனியில் பூத்து, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. வேலி ஓரம் பெருவள்ளிக்கிழங்கு பொங்கலுக்குத் தோண்டிய குழி இன்னும் மூடாமல் இருந்தது. அந்தக் குழியிலேயே காய்ந்த இலையையும் சாணியையும் போட்டு அடுத்த பருவத்துக்குத் தயார் செய்கிறார்.

ஆனால் இந்த வீட்டை நான் மறக்காததற்குக் காரணம் அவரையோ கிழங்கோ இல்லை. முதல் நடையன்று ஐந்து வீட்டுக்காரர்களும் முந்தின நாள் முழுக்கப் பெருக்கி, காய்ந்த செடிகளைப் பிடுங்கி எறிந்து, கோலம் போட்டு வைத்திருந்தார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது. வந்தவர்கள் "அழகா இருக்கு", "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. மூன்றாவது வீடு வரும்போதே இது தேறாது என்று எனக்குப் பட்டது.

ஆசிரியர் வீட்டில் குப்பைக்குழி ஓரமாக, பிடுங்கி எறிந்த தக்காளிச் செடிகள் கிடந்தன. ஒரு பெண் அதில் ஒன்றை எடுத்து வேரைப் பார்த்தார். வேர் முழுக்க முண்டு முண்டாக இருந்தது.

"இது நல்லதுதானே சார்? உளுந்து வேருல முண்டு இருந்தா நல்லதுன்னு நீங்கதான் கூட்டத்துல சொன்னீங்க" என்றார்.

நியாயமான கேள்வி. உளுந்து, நிலக்கடலை வேரில் இருப்பது காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு. நகத்தால் தேய்த்தால் தனியாக உதிர்ந்து வரும். உள்ளே கிள்ளிப் பார்த்தால் இளஞ்சிவப்பு நிறம் தெரியும். தக்காளியில் இருப்பது வேர்முடிச்சு நூற்புழு. இங்கே வேரே வீங்கியிருக்கும். தேய்த்தால் வராது, வேரும் சேர்ந்து அறுந்துதான் வரும். செடி உச்சி வெயிலில் தலை தொங்கும், சாயங்காலம் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் இன்னும் இன்னும் ஊற்றிக்கொண்டிருப்போம்.

"எங்க வீட்டுச் செடியும் அப்படித்தான் தலை தொங்குது" என்றார் ஒருவர். "எங்க வீட்டுலயும்" என்றார் இன்னொருவர். மூன்று பேர் ஓடிப்போய் ஆளுக்கொரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வேரிலும் முடிச்சு. மூன்று வீட்டுக்கும் நாற்று ஒரே இடத்திலிருந்து வந்திருந்தது. அரை மணி நேரம் அந்தக் குப்பைக்குழியைச் சுற்றி நின்று பேசினோம். அந்த இடத்தில் ஒரு பருவம் தக்காளி, கத்தரி, வெண்டை வைக்காமல் சென்டிப்பூ போடுங்கள், அதன் வேர் நூற்புழுவை அடக்கும், அடியுரத்தோடு வேப்பம் பிண்ணாக்கும் போடுங்கள் என்றேன். பூக்கார ஊருக்குச் சென்டி போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த பருவமே மூன்று வீட்டிலும் மஞ்சள் தெரிந்தது.

அன்றைக்கே ஒரு விதி போட்டோம். நடைக்கு முந்தின நாள் யாரும் கொல்லையைப் பெருக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் நன்றாக வந்த ஒன்றையும், வராமல் போன ஒன்றையும் காட்ட வேண்டும். வராமல் போனதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

இந்தத் தையில் ஆசிரியர் காட்டிய தோல்வி, ஒரு மாமரம். "ஆறு வருஷமா காய்க்கலை. சோறு போட்டேன், உரம் போட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற அம்மா மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாத்தியாரே, உங்க தென்னை அதை வெயில் பார்க்க விடலையே" என்றார். எனக்கு வேலையே வைக்கவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம்

மூன்றாவது, நான்காவது வீடுகளில் அதிகம் நிற்கவில்லை. ஒன்றில் மாட்டுக் கொட்டகைக் கோமியம் வாழைக்குப் போகும் வாய்க்கால். இன்னொன்றில் அலக்கு எட்டாத முருங்கையை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டுக் கிளைக்க வைத்திருந்தார்கள். பிறகு தார்ச் சாலையைத் தாண்டினோம். அந்தப் பக்கம் இருப்பது காலனித் தெரு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் நடையில் நான் போட்ட பட்டியலில் ஐந்து வீடும் சாலைக்கு இந்தப் பக்கம். யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. நானாகத்தான் போட்டேன். யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. முப்பது வருஷம் கிராமம் கிராமமாகச் சுற்றியும் என் கண்ணுக்கு அந்தத் தெருவில் கொல்லை இருப்பது படவில்லை.

அந்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து நடை நின்றது. 2021 தையில் மறுபடி தொடங்கினோம். ஆசிரியர் வீட்டு வேலியை ஒட்டி, பூக்கூடையோடு ஒரு பெண் நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பத்தா வீட்டிலும் இன்னும் இரண்டு வீட்டிலும் முல்லை பறிக்கப் போகிறவர். நாங்கள் புறப்படும்போது என்னிடம் வந்து, "சார், எங்க வீட்டுலயும் செடி இருக்கு. பாக்க வர மாட்டீங்களா?" என்று கேட்டார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் "நேரமாயிடுச்சு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அதிகாரி என்ற முறையில் நான் உடனே "வர்றோம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யார் என்ன நினைப்பார்களோ என்று ஒரு கணம் தயங்கினேன். அந்தக் கணத்தில் அப்பத்தா கம்பை ஊன்றிக்கொண்டு சாலையைத் தாண்ட ஆரம்பித்துவிட்டார். "என் முல்லையைப் பறிக்கிற கை, சொந்தக் கொல்லையில என்ன வெச்சிருக்குன்னு நான் பார்க்க வேண்டாமா?" என்றார். பின்னால் ஒன்பது பேர் போனோம். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு நடையில் சேரவில்லை.

அவர் வீட்டில் மொத்தம் இரண்டு சென்ட். போர் கிடையாது. தெருக்குழாய்த் தண்ணீர் குடத்தில் வர வேண்டும். அந்த இடத்தில் இருந்தவை: உரச் சாக்குகளில் கத்தரியும் மிளகாயும், உடைந்த பெயின்ட் வாளிகளில் புதினா, கூரைமேல் ஏறிய சுரைக்கொடி, சுவர் ஓரம் பிரண்டை, தூதுவளை, வாசலில் இரண்டு பப்பாளி. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஒரு கல்வாழைப் புதருக்குள் போய், அங்கிருந்து சேம்புக்கு, அதிலிருந்து வாழைக்கு என்று மூன்று படியாக இறங்கியது. ஒரு சொட்டு தெருவுக்கு வரவில்லை. பல நூறு அடி போரில் தண்ணீர் எடுத்துப் பாய்ச்சும் நாங்கள் அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பப்பாளியைக் காட்டி, "இது ரெண்டும்தான் பிள்ளைக்கு நோட்டு வாங்குது" என்றார் அவர்.

தன் கொல்லையில் அவரை "ஏ புள்ள" என்று கூப்பிடும் அப்பத்தா, அங்கே "ஏம்மா, இது என்ன செடி?" என்று கேட்டதைக் கவனித்தேன். பிறகு சுக்குக் காப்பி வந்தது. எல்லாரும் குடித்தார்கள் என்று எழுத ஆசைதான். ஒன்பது டம்ளரில் ஆறு காலியானது. இந்தத் தையில் பதினெட்டும் காலியாயின. அதற்குச் சில வருஷங்கள் ஆனது.

என் பையில் வந்த பூச்சி

இதே வீட்டுக்கு நான் செய்த கெடுதலையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஆடி நடைக்கு, புதுக்கோட்டையில் என் வீட்டு மாடியிலிருந்து அடுக்குச் செம்பருத்திக் குச்சிகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து, போன வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன். அழகான பூ. எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு மாதத்தில் போன் வந்தது: "சார், செடியில வெள்ளையா பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு."

மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தெரியவந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களைப் பாழாக்கிய பப்பாளி மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தி பிடித்தமான செடி. நான்தான் கூட்டம் கூட்டமாக அதைப் பற்றிப் பேசியவன். பிறகு 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டு அதை அடக்கினார்கள் என்றும் சொன்னவன். அதே நான் என் வீட்டுச் செடியின் இலையைத் திருப்பிப் பார்க்காமல் வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆறு வீட்டில் பரவியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தாக்கின கிளைகளை வெட்டி எரித்தோம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தோம். லிட்டருக்கு 20 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தோம். மாவுப்பூச்சியை இடம் மாற்றுவது எறும்புதான் என்பதால் எறும்புப் புற்றையும் தேடினோம். ஐந்து வீடு தப்பியது. அந்தப் பெண்ணின் இரண்டு பப்பாளியும் உச்சி வரை வெளுத்துவிட்டன. வெட்ட வேண்டியதாயிற்று. அவர்தான் வெட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"என் தப்புதாம்மா" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் நோட்டுக்குப் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "விதை கொண்டாங்க" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அந்த இடத்தில் மூன்று பப்பாளி காய்த்து நிற்கிறது.

அன்றிலிருந்து இன்னொரு விதி. நடையில் கைமாறுவது, நோயில்லாத செடியில் எடுத்த விதை மட்டும். குச்சி, கன்று, பதியன் எதுவானாலும் வாங்கியவர் வீட்டில் மற்ற செடிகளை விட்டுத் தள்ளி 15 நாள் தனியாக இருக்க வேண்டும். தென்னங்கன்று என்றால் ஓலையின் அடிப்பக்கம் கட்டாயம் பார்க்க வேண்டும். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ ஊர் ஊராகப் போனதில் கன்றுகளுக்கும் பங்கு உண்டு.

பெருத்துப் போன நடை

ஊர்ப் பெயரைச் சொல்லாததற்கும் காரணம் இதுதான். 2023-ல் யாரோ எடுத்த வீடியோ பரவி, அடுத்த நடைக்கு வெளியூரிலிருந்து மூன்று வேன் வந்தது. நூறு பேருக்கு மேல். இரண்டு சென்ட் கொல்லைக்குள் நூறு பேர் போனால் என்ன ஆகும்? சாக்குச் செடிகள் சரிந்தன. அப்பத்தாவின் பாத்தி மிதிபட்டது. யாரோ கேட்காமல் காய் பறித்தார்கள். ஊர்ப் பெண்கள் டீ போடுகிறவர்களாக மட்டும் நின்றார்கள். ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை. "பஸ்ஸுல போகமாட்டேன்னு சொன்னோம். இப்ப பஸ்ஸு எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு" என்றார் அன்றைக்கு மாட்டைப் பற்றிக் கேட்ட அதே அம்மா.

பெரிதாக வளர்வது வேறு, நன்றாக வளர்வது வேறு. இப்போது ஊரில் 23 வீடுகள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் ஒரு நடைக்கு ஆறு வீடு, இருபது பேர். அதற்கு மேல் இல்லை. வெளியூர்க்காரர்கள் நாலு பேர் வரை, முன்பே சொல்லிவிட்டு வரலாம். ஆளுக்கு 50 ரூபாய். அந்தப் பணம் மகளிர் குழுவின் கணக்கில் சேர்ந்து, பொதுவான கைத்தெளிப்பான், அலக்கு, மண் பரிசோதனைக் கட்டணம் என்று செலவாகிறது. இது புதுசு இல்லை. இங்கிலாந்தில் 1927-ல் வீட்டுத் தோட்டக்காரர்கள் 609 பேர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு தோட்டத்தைத் திறந்துவிட்டார்கள். சேர்ந்த 8,191 பவுனும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்களுக்குப் போனது. அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. அங்கே பெரிய மாளிகைத் தோட்டங்களும் உண்டு. நமக்கு இரண்டு சென்ட் போதும்.

உங்கள் ஊரில் தொடங்க...

'எங்கள் ஊரிலும் நடத்தலாமா, யாரைக் கேட்க வேண்டும்?' என்று வாசகர்கள் கேட்கக்கூடும். யாரையும் கேட்க வேண்டாம். பக்கத்து வீட்டைக் கேட்டால் போதும். இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஐந்து வீட்டோடு தொடங்குங்கள். ஐந்தும் ஒரே தெருவில் இருக்க வேண்டாம். பட்டியல் போடும்போதே, எந்தத் தெரு விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு வீட்டுக்கு 20 நிமிடம், மொத்தம் மூன்று மணி நேரம். பூப்பறிப்பும் பால் கறவையும் முடிந்த நேரமாக வையுங்கள்.

வருஷத்துக்கு மூன்று நடை போதும். தையில் விளைச்சலைப் பார்க்க. சித்திரையில், தண்ணீர் இல்லாதபோது யார் எப்படிச் செடியைக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்க. ஆடியில் விதை மாற்றிக்கொள்ள. சித்திரை நடைக்கு ஆள் குறைவாகத்தான் வருவார்கள். ஆனால் அதில்தான் கற்றுக்கொள்ள அதிகம்.

வீட்டுக்காரர்தான் பேச வேண்டும். ஆண்கள் முந்திக்கொண்டு பேசினால், தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்று கேட்டு அவரைப் பேசவிடுங்கள். அதிகாரி வந்தால் கடைசியில் நிற்கட்டும். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். நான் முன்னால் நின்றவரை எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். பின்னால் போன பிறகுதான் செடியைப் பார்த்தார்கள்.

பரிசு, போட்டி, சிறந்த தோட்டம் எதுவும் வேண்டாம். பரிசு என்றதும் தோற்ற செடியை ஒளித்துவிடுவார்கள்.

ஒரு நோட்டு வையுங்கள். எந்த வீட்டில், எந்தத் தேதியில், எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். இந்த ஊர் நோட்டை ஆசிரியர் வைத்திருக்கிறார். எந்த மாதம் எந்தப் பூச்சி இந்த ஊருக்குள் வருகிறது என்று அதைப் பார்த்து இப்போது அவர்களே எனக்குச் சொல்கிறார்கள்.

கடைசி வீட்டில் சுக்குக் காப்பி குடித்து முடித்தபோது மணி பத்தாகவில்லை. பூப்பறிக்கிற அந்தப் பெண்தான் இப்போது நடையின் வாசல்காவல். வருகிறவர்கள் கொண்டுவரும் செடியை வாங்கி, இலையைத் திருப்பி, தண்டுக் கணுவைப் பார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். அன்று காலை வேப்பமரத்தடிக்கு நான் வந்து சேர்ந்ததும் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். அவர் மட்டும் கையை நீட்டினார்.

"பையைக் காட்டுங்க சார்."

காட்டினேன். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டிலும், காகிதத்தில் மடித்த அவரை விதையும் இருந்தன. விதையை எடுத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, வாங்க" என்றார்.